விழித்திரைப் புரதத்தின் முகவரியைத் தேடிப் பிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மரபணுச் சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் போவது தடித்த எழுத்தில் இருக்கும் அந்த ஒரு பெயரின் மேல்தான். ஆர்பிஜிஆர், ஏபிசிஏ4, யுஎஸ்ஹெச்2ஏ... ஏதோ வண்டி நம்பர் மாதிரி இருக்கும். இணையத்தில் தேடினால் நோயின் பெயர் வரும், பரம்பரை வழி வரும். ஆனால் அந்த மரபணு உருவாக்கும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது, செல்லின் எந்த மூலையில் நின்று வேலை பார்க்கிறது, யாரோடு கைகோத்து நிற்கிறது என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும். எப்படிப் பொறுக்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது முதுகலை மாணவர்களையும் மரபியல் ஆலோசகர்களையும் மனதில் வைத்து எழுதியது. அறிக்கையை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஆய்வகம் பக்கம் போகாதவர்கள் நான்காம் படியைத் தாண்டிப் போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

பரம்பரை விழித்திரை நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களைப் பட்டியலிடும் ரெட்நெட் தளத்தில் இன்று 280க்கு மேல் பெயர்கள் உண்டு. அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. பெயர்கள் 280 என்றாலும் அவை குடியிருக்கும் அறைகள் பத்துப் பதினைந்துக்கு மேல் போகாது. அறையைத் தெரிந்துகொண்டால், அந்தப் புரதம் கெட்டால் என்ன ஆகும் என்பதில் பாதியை ஊகித்துவிடலாம்.

முதலில் வீட்டின் வரைபடம்

ஒரு தாளை எடுத்து நெடுக்குவாக்கில் ஒரு குச்சிச் செல்லை (மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஒளி உணர் செல்) வரையுங்கள். உச்சியில் வெளிப்பகுதி. நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நூற்றுக்கணக்கான சவ்வுத் தட்டுகள் அதற்குள் இருக்கும். ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் இந்தத் தட்டுகளில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. தட்டின் விளிம்பு தனி இடம், அதைத் தனியாகக் குறியுங்கள். பல நோய்களின் கதை அந்த விளிம்பில்தான் நடக்கிறது.

அதற்குக் கீழே உட்பகுதி. மேல் பாதியில் மைட்டோகாண்ட்ரியா அடைந்து கிடக்கும். கீழ்ப் பாதியில் எண்டோபிளாச வலையும் கோல்கையும். புரதம் தயாராகும் பட்டறை இதுதான். இன்னும் கீழே உட்கரு. அடியில் அடுத்த நரம்புச் செல்லோடு பேசும் முனை.

வெளிப்பகுதியையும் உட்பகுதியையும் இணைப்பது ஒரு ஒல்லியான குழாய். இணைப்புச் சிலியம் என்பார்கள். நீளம் ஏறக்குறைய 1 முதல் 1.5 மைக்ரான், தடிமன் 0.3 மைக்ரானைத் தாண்டாது. வெளிப்பகுதியில் புரதம் தயாரிக்கும் வசதி கிடையாது. அங்கே வேண்டிய ஒவ்வொரு மூலக்கூறும் கீழே உருவாகி இந்தச் சந்து வழியாகத்தான் மேலே போக வேண்டும். அதுவும் தினமும். வெளிப்பகுதியின் நுனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நாள்தோறும் உதிர்ந்துவிடுகிறது, அடியில் அதே அளவு புதிதாக வளர்கிறது. 1960களில் ரிச்சர்ட் யங் கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொடுத்து, அது அடியிலிருந்து நுனி வரை ஒரு பட்டையாக நகர்ந்து போவதைப் படம் பிடித்துக் காட்டினார். பத்து நாளில் மொத்த அடுக்கும் புதிது. அதனால் அந்தச் சந்தில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் ரோடாப்சின் மூலக்கூறுகள் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தில் கல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உதிர்ந்ததை விழுங்குவது யார்? வெளிப்பகுதியின் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிறமிப் படலச் செல்கள். அவற்றையும் வரையுங்கள். வெளிப்பகுதியைப் பார்த்த பக்கம் விரல் போன்ற நீட்சிகள், மறுபக்கம் ரத்த நாளத்தைப் பார்த்த அடிச்சவ்வு. பக்கவாட்டில் தாங்கி நிற்கும் முல்லர் செல்களும், அடியில் செய்தியை வாங்கும் இருமுனை நரம்புச் செல்களும் சேர்ந்தால் வரைபடம் முடிந்தது. இனி எந்தப் பெயர் வந்தாலும் இந்தத் தாளில் ஒரு புள்ளி வைப்பதுதான் வேலை.

படி 1: பெயரையும் வடிவத்தையும் உறுதி செய்யுங்கள்

ஒரு மரபணுவிலிருந்து ஒரே புரதம் வரும் என்று நினைத்தால் முதல் அடியிலேயே சறுக்குவீர்கள். ஆர்பிஜிஆரையே இந்த வழிகாட்டி முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்வோம். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் (ஒளி உணர் செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோய்) 70 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு மரபணுவால்தான். இதற்கு இரண்டு முக்கிய வடிவங்கள். ஒன்று உடம்பு முழுக்க இருப்பது, 815 அமினோ அமிலங்கள் கொண்டது. இன்னொன்று ஓஆர்எஃப்15 எனப்படுவது, 1152 அமினோ அமிலங்கள் கொண்டது, விழித்திரையில் ஓங்கி நிற்பது. இரண்டுக்கும் தலைப்பகுதி ஒன்றே, வால் வேறு.

2000இல் அந்த ஓஆர்எஃப்15 பகுதி கண்டுபிடிக்கப்படும் வரை, இந்த இடத்தில்தான் கோளாறு என்று குடும்ப வரலாறு அடித்துச் சொல்லும், ஆனால் பல குடும்பங்களில் மரபணுவைப் படித்துப் பார்த்தால் மாற்றம் எதுவும் கண்ணில் படாது. தேடியது தவறான வாலில்! இன்றும் அந்தப் பகுதி தொல்லைதான். குளுட்டமிக் அமிலமும் கிளைசினும் திரும்பத் திரும்ப வருவதால் வழக்கமான வரிசைமுறைப் படிப்பு அங்கே தடுமாறும். எக்ஸ் வழிப் பரம்பரை பளிச்சென்று தெரியும் குடும்பத்தில் அறிக்கை ஒன்றுமில்லை என்று வந்தால், ஓஆர்எஃப்15ஐத் தனியாகப் படித்தார்களா என்று கேளுங்கள்.

புரதத் தகவல்களைத் தொகுத்து வைக்கும் யுனிப்ராட் தளத்தில் மனிதப் புரதத்தின் பக்கத்தைத் திறந்து, அதில் எத்தனை வடிவங்கள், உங்கள் அறிக்கையில் உள்ள மாற்றம் எதில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிக்கு இவ்வளவு போதும்.

படி 2: எந்தச் செல்?

அறைக்கு முன்னால் வீடு. ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தில் ஒற்றைச் செல் தரவு உண்டு. குச்சிச் செல், கூம்புச் செல், இருமுனைச் செல், முல்லர் செல் என்று பிரித்து, மரபணு எங்கே எவ்வளவு ஓடுகிறது, அதாவது வேலை செய்கிறது என்று காட்டும்.

இங்கே நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: புரதம் இருப்பது ஒளி உணர் செல்லிலா, நிறமிப் படலத்திலா? ஆர்பிஇ65 நிறமிப் படலத்தில் இருக்கிறது. ஒளி பட்டு நேராகிவிட்ட விட்டமின் ஏ மூலக்கூறைத் திரும்பவும் வளைத்துக் கொடுக்கும் நொதி அது. அது இல்லாவிட்டால் குச்சிச் செல்லில் ரோடாப்சினின் புரதப் பகுதி இருந்தும் உள்ளே உட்கார நிறமி இருக்காது. கீரையும் கேரட்டும் சாப்பிடாததால் மாலைக்கண் வருகிறது என்று ஊரில் சொல்வது விட்டமின் ஏ உடம்புக்குள் வராத கதை. இது வந்த விட்டமினைப் பக்குவம் செய்ய ஆளில்லாத கதை. கேரட்டை எவ்வளவு தின்றாலும் ஆர்பிஇ65 குறை தீராது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லக்ஸ்டர்னா என்னும் மரபணு மருந்தை விழித்திரைக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவதும் இதனால்தான். மருந்து நிறமிப் படலத்தைத் தொட வேண்டும்.

குழப்பும் உதாரணம் ஏபிசிஏ4. அதனால் வரும், மையப் பார்வையைக் கெடுக்கும் ஸ்டார்கார்ட் நோயில் கண் மருத்துவர் பார்ப்பது நிறமிப் படலத்தில் படியும் மஞ்சள் புள்ளிகளை. ஆனால் புரதம் முக்கியமாகக் குடியிருப்பது ஒளி உணர் செல்லின் தட்டு விளிம்பில். ஒளி பட்டபின் தட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் விட்டமின் ஏ சேர்மத்தை வெளிப்பக்கம் புரட்டிவிடுவது அதன் வேலை. வேலை நடக்காவிட்டால் அந்தச் சேர்மங்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்கின்றன. தட்டு உதிர்கிறது, நிறமிப் படலம் விழுங்குகிறது, செரிக்க முடியாமல் உள்ளே குப்பை சேர்கிறது. தப்பு மாடியில், நாற்றம் கீழ் வீட்டில். புரதம் இருக்கும் இடத்தையும் நோய் தெரியும் இடத்தையும் உங்கள் தாளில் இரண்டு வேறு நிறத்தில் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படி 3: செல்லுக்குள் எந்த அறை?

யுனிப்ராட் பக்கத்தில் செல்லுக்குள் இருக்கும் இடம் பற்றி ஒரு பகுதி வரும். வாசகத்தைப் படிப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் இருக்கும் ஆதாரக் குறியைப் பாருங்கள். நேரடிச் சோதனையில் கண்டதா, சுண்டெலிப் புரதத்தை வைத்து ஒப்புமையால் எழுதியதா, கணினி தானாகப் போட்டதா என்று அது சொல்லும். மூன்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கக் கூடாது.

அட்லஸின் செல் உள்ளிடப் படங்கள் அழகானவை, நானும் ரசிப்பேன். ஆனால் அவை பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல் வகைகளில் எடுத்தவை. அந்தச் செல்லுக்கு வெளிப்பகுதி என்ற ஒன்றே கிடையாது. தட்டு விளிம்பில் இருக்க வேண்டிய புரதத்தை அங்கே போய்த் தேடினால், எண்டோபிளாச வலை என்று ஏதாவது பதில் வரும். அந்தப் பதில் அந்தச் செல்லுக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை. அதே தளத்தில் விழித்திரைத் திசுவின் படங்களும் உண்டு, அவற்றைப் பாருங்கள்.

எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு என் நோட்டில் உள்ளதைச் சுருக்கிச் சொல்கிறேன். தட்டின் பரப்பில் ரோடாப்சினும் பிடிஇ6 நொதியும். தட்டு விளிம்பில் பெரிஃபெரின்-2, ராம்1, ஏபிசிஏ4. வெளிப்பகுதியின் வெளிச்சவ்வில் சிஎன்ஜிஏ1, சிஎன்ஜிபி1 சேர்ந்த அயனி வாய்க்கால். இணைப்புச் சிலியத்தில் ஆர்பிஜிஆர், ஆர்பிஜிஆர்ஐபி1, சிஇபி290, எஃப்ஏஎம்161ஏ. சிலியம் கிளம்பும் இடத்தைச் சுற்றியுள்ள சவ்வில் அஷரின், ஏடிஜிஆர்வி1, விர்லின். உட்பகுதியில் ஏஐபிஎல்1. உட்கருவில் பிஆர்பிஎஃப்31, பிஆர்பிஎஃப்8 போன்ற ஆர்என்ஏ வெட்டி ஒட்டும் புரதங்கள். ஒளி உணர் செல்லையும் முல்லர் செல்லையும் தைத்து வைக்கும் வரிசையில் சிஆர்பி1. அடிமுனையில் கால்சியம் வாய்க்கால் சிஏசிஎன்ஏ1எஃப். இருமுனைச் செல்லின் நுனியில் ஜிஆர்எம்6, டிஆர்பிஎம்1. நிறமிப் படலத்தின் உள்ளே ஆர்பிஇ65, விரல் நீட்சிகளில் உதிர்ந்ததை விழுங்க உதவும் மெர்டிகே, அடிச்சவ்வில் பெஸ்ட்1.

படி 4: கண்ணால் பார்ப்பது

தளங்கள் சொல்வதை நம்பாமல் நீங்களே விழித்திரைச் சீவலில் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்து ஒளிர வைக்கும் மூலக்கூறு) போட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் பட்ட அடிகள் எல்லாம் இந்தப் படியில்தான்.

முதலில் நேரம். சில புரதங்கள் ஒளியைப் பார்த்து இடம் மாறும். ஒளிச் செய்தியைக் கடத்தும் டிரான்ஸ்டியூசின் இருட்டில் வெளிப்பகுதியில் இருக்கும், அந்தச் செய்தியை நிறுத்தும் அரெஸ்டின் உட்பகுதியிலும் அடிமுனையிலும் பரவியிருக்கும். பளிச்சென்ற வெளிச்சத்தில் சில நிமிடங்களிலேயே டிரான்ஸ்டியூசின் கீழே இறங்கும், அரெஸ்டின் மேலே ஏறும். ஆரம்ப காலத்தில் ஒருமுறை, மரபணு மாற்றமுள்ள சுண்டெலியில் டிரான்ஸ்டியூசின் இடம் தவறி உட்பகுதியில் கிடக்கிறது என்று ஒரு வாரம் துள்ளிக் குதித்தேன். பிறகு நோட்டைப் புரட்டினால், இயல்பான எலியின் கண்ணைக் காலையில் இருட்டறையிலிருந்து எடுத்தவுடன் பதப்படுத்தியிருக்கிறேன், மாற்றமுள்ள எலியின் கண்ணை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையில் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்து. நோயும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குப்பியிலும் மணியையும் வெளிச்ச நிலையையும் எழுதுகிறேன்.

அடுத்தது எலி. வாங்கும் எலியின் குடும்பத்தைக் கேட்டு வாங்குங்கள். சி57பிஎல்/6என் என்ற புகழ்பெற்ற உள்வகையில் ஆர்டி8 என்ற சிஆர்பி1 மாற்றம் ஏற்கெனவே உண்டு. எஃப்விபி, சி3ஹெச் வகைகளில் பிடிஇ6பி கெட்டுப்போன ஆர்டி1 மாற்றம் உண்டு, சில வாரங்களில் குச்சிச் செல்களே காலியாகிவிடும். நீங்கள் நீக்கிய மரபணுவின் விளைவு என்று நினைத்துப் பார்ப்பது எலியோடு பிறந்த நோயாக இருக்கலாம்.

பதப்படுத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடில் நன்றாக ஊற வைத்தால் தட்டுப் புரதங்கள் அழகாக நிற்கும், ஆனால் இணைப்புச் சிலியப் புரதங்கள் பல ஆன்டிபாடிக்குக் கிடைக்காமல் ஒளிந்துகொள்ளும். ஆர்பிஜிஆர் அப்படித்தான். பதப்படுத்தாமல் உறைய வைத்துச் சீவிய திசுவில், அல்லது மிக லேசாகப் பதப்படுத்தியதில்தான் அது தெளிவாகத் தெரியும்.

இடத்தைச் சொல்ல அடையாளக் கல் வேண்டும். ரூட்லெட்டின் என்ற புரதம் உட்பகுதியில் வேர் போல ஓடி சிலியத்தின் அடியில் முடியும். சென்ட்ரின் இணைப்புச் சிலியத்திலேயே இருக்கும். ஆர்பிஜிஆர் சென்ட்ரினோடு மேல் விழுந்தால் இடம் சரி. கூம்புச் செல்லைத் தனியாகக் காட்ட வேர்க்கடலையிலிருந்து எடுக்கும் லெக்டின் உதவும். அது கூம்பைச் சுற்றியுள்ள உறையைப் பிடித்துக்கொள்ளும். சிலியத்துக்குப் பலரும் போடும் ஜிடி335 என்ற ஆன்டிபாடியில் மட்டும் ஒரு கண் வையுங்கள். அது குளுட்டமேட் வால் ஒட்டிய டியூபுலினை (சிலியத்தின் நுண்குழல்களைக் கட்டும் புரதம்) பிடிக்கும், நல்லது. ஆனால் ஆர்பிஜிஆரின் ஓஆர்எஃப்15 வடிவத்திலும் டிடிஎல்எல்5 நொதி அதே மாதிரி வாலை ஒட்டுகிறது, அதையும் இது பிடிக்கும். ஆர்பிஜிஆர் ஆய்வில் ஜிடி335ஐ வெறும் அடையாளக் கல்லாக வைத்தால், தேடும் ஆளையே வழிகாட்டியாக வைத்த கதைதான்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 0.2 மைக்ரானுக்குக் கீழ் பிரித்துப் பார்க்க முடியாது. இணைப்புச் சிலியத்தின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் அதன் சுவரில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று கான்ஃபோகல் (லேசர் ஒளி நுண்ணோக்கி) படத்தை வைத்துச் சொல்லக் கூடாது. திசுவையே ஜெல்லில் ஊற வைத்து உப்ப வைக்கும் முறை வந்தபின் இது மாறியது. 2022இல் அப்படி உப்பிய விழித்திரையில் பார்த்தபோது, எஃப்ஏஎம்161ஏ உள்ளிட்ட புரதங்கள் சிலியத்தின் உள்சுவரில் நின்று ஒன்பது நுண்குழல் இரட்டைகளையும் ஜிப் போட்டதுபோலப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. அந்தப் புரதம் இல்லாத சுண்டெலியில் ஜிப் கழன்று குழல்கள் விரிந்து போகின்றன.

கடைசியாக மூன்று மாயத் தோற்றங்கள். நிறமிப் படலத்தில் சேரும் லிபோஃபசின் என்ற செரிக்காத குப்பை எந்த ஆன்டிபாடியும் இல்லாமலே எல்லா நிறத்திலும் ஒளிரும். வெளிப்பகுதி ஒட்டும் குணமுள்ளது, மட்டமான ஆன்டிபாடி எதைப் போட்டாலும் அங்கே போய் ஒட்டும். எலித் திசுவில் எலி ஆன்டிபாடியைப் போட்டால் ரத்த நாளங்கள் எரியும். மூன்றுக்கும் மருந்து, முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு சீவலும், அந்த மரபணுவே நீக்கப்பட்ட எலியின் ஒரு சீவலும். இரண்டாவது கிடைக்காவிட்டால் முடிவை எழுதும்போது அடக்கி வாசியுங்கள்.

எலியில் இல்லாததும் உண்டு. மனிதர், குரங்கு, தவளை ஆகியவற்றின் ஒளி உணர் செல்லில் உட்பகுதியின் நுனியிலிருந்து விரல்கள் போலச் சில நீட்சிகள் எழுந்து வெளிப்பகுதியின் அடியைத் தாங்கும். சுண்டெலியில் இது கிட்டத்தட்ட கிடையாது. காதும் கண்ணும் சேர்ந்து கெடும் அஷர் நோயின் முதல் வகைப் புரதங்கள் அங்கேதான் இருக்கின்றன என்று 2012இல் காட்டினார்கள். அந்த மரபணுக்கள் கெட்ட சுண்டெலிக்குக் காது கேட்காமல் போயும் பார்வை பெரிதாகக் கெடாத புதிருக்கு அது ஒரு விடை.

படி 5: கூட்டாளிகளைத் தேடுவது

புரதங்களின் தொடர்புகளைக் காட்டும் ஸ்ட்ரிங் தளத்தில் பெயரைப் போட்டால் சிலந்தி வலை மாதிரி ஒரு படம் வரும். மயங்க வேண்டாம். அந்தக் கோடுகளில் பல, இரண்டு பெயர்களும் ஒரே கட்டுரையில் சேர்ந்து வந்தன என்பதற்காகப் போட்டவை. விழித்திரை நோய் மரபணுக்கள் எல்லாக் கட்டுரைகளிலும் பட்டியலாக ஒன்றாகத்தான் வரும், அதனால் எல்லாம் எல்லாவற்றோடும் உறவாடுவது போலத் தெரியும். அமைப்பில் போய், உடல் ரீதியான தொடர்பு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம்பகத் தன்மையை 0.7க்கு மேல் வையுங்கள். பாதிக் கோடுகள் கொட்டிவிடும். மிஞ்சியதை இன்டாக்ட், பயோகிரிட் தளங்களில் போட்டு, ஒவ்வொன்றும் எந்தச் சோதனையில் கிடைத்தது என்று பாருங்கள்.

சோதனை முறையும் பேசும். ஈஸ்ட் இரட்டைக் கலப்பு முறையில் இரண்டு புரதங்களும் ஈஸ்ட்டின் உட்கருவுக்குள் சந்திக்க வேண்டும். சவ்வில் புதைந்து வாழும் புரதத்துக்கு அது ஆகாது, சிலியத்தில் இருக்கும் ஆர்பிஜிஆர்ஐபி1 போன்றதற்கு ஆகும். 2000இல் அது ஆர்பிஜிஆரின் கூட்டாளியாகச் சிக்கியது இந்த வலையில்தான். விழித்திரைச் சாற்றில் ஆன்டிபாடியால் ஒன்றை இழுத்து, கூட வருவது யார் என்று பார்ப்பது இன்னொரு முறை. அதில் ரோடாப்சின் வந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். வெளிப்பகுதியில் மலை மலையாக இருப்பது அதுதான், எதை இழுத்தாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரும். அப்புறம், ரோடாப்சின் உள்ள மாதிரியை ஜெல்லில் ஓட்டுவதற்கு முன் கொதிக்க வைக்காதீர்கள். சூடேறினால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும், இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளில் இரண்டு புரதங்களைச் சேர்த்து மடித்துப் பார்க்கும் வசதி இப்போது உண்டு. இரண்டும் சேரும் இடத்துக்கான மதிப்பெண் 0.8க்கு மேல் போனால் கவனிக்கலாம். ஓஆர்எஃப்15இன் வால் போன்ற ஒழுங்கற்ற பகுதிகள் நூல் அவிழ்ந்த பந்து மாதிரிதான் வரும். அது புரதத்தின் இயல்பு, மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

கடைசியில் ஒரு சாதாரணக் கேள்வி: இந்த இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்களா? படி 3இன் தாளைப் பாருங்கள். நிறமிப் படலத்தின் அடிச்சவ்வில் இருப்பதும் குச்சிச் செல்லின் தட்டில் இருப்பதும் சோதனைக் குழாயில் ஒட்டலாம், கண்ணுக்குள் சந்திக்க வழியில்லை.

படி 6: யார் யாரைத் தாங்குகிறார்கள்?

கூட்டாளி என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஒருவரை எடுத்தால் மற்றவர் விழுகிறாரா என்று பார்க்க வேண்டும். கோட்டுக்கு அம்புக்குறி போடும் வேலை இது. என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் கிராக்கியான படி இதுதான், தளங்கள் எதுவும் இதை உங்களுக்குச் செய்து தராது.

ஆர்பிஜிஆருக்கு வருவோம். அதன் தலைப்பகுதி ஏழு இதழ்கள் கொண்ட வளையம் போல மடிந்தது. அது ஆர்பிஜிஆர்ஐபி1இன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. ஆர்பிஜிஆர்ஐபி1 இல்லாத சுண்டெலியில் ஆர்பிஜிஆர் சிலியத்திலிருந்து காணாமல் போகிறது. ஆர்பிஜிஆர் இல்லாத சுண்டெலியில் ஆர்பிஜிஆர்ஐபி1 தன் இடத்திலேயே நிற்கிறது. ஆக, ஆர்பிஜிஆர்ஐபி1 சுவரில் அடித்த ஆணி, ஆர்பிஜிஆர் அதில் மாட்டிய சட்டை. நோயைப் பாருங்கள்: சட்டை கெட்டால் சிறுவயதில் இரவுப் பார்வையில் தொடங்கி மெல்ல மோசமாகும் நோய். ஆணி கெட்டால் பிறந்த சில மாதங்களிலேயே பார்வையைப் பாதிக்கும் லெபர் வகை. இந்த அம்புக்குறி தெரியாமல் இரண்டையும் சிலியப் புரதங்கள் என்று ஒரே பெட்டியில் போட்டால் இந்த வித்தியாசம் விளங்காது.

அஷர் இரண்டாம் வகையில் அம்பு எல்லாப் பக்கமும் போகிறது. விர்லினில் உள்ள பிடிஇசட் பகுதிகள் அஷரின், ஏடிஜிஆர்வி1 இரண்டின் வால் நுனியையும் பிடிக்கின்றன. மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் சிலியத்தைச் சுற்றியுள்ள இடத்தில் நிலைப்பதில்லை. முக்காலிதான். அதே முக்காலி உள்காதின் மயிர்ச் செல்களிலும் இருப்பதால், காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன.

ஏஐபிஎல்1 வேறு ரகம். பிடிஇ6 நொதி மடிந்து உருப்பெறுவதற்கு உதவும் பேறுகாலத் தாதி மாதிரி. வேலை நடக்குமிடம் உட்பகுதி, பலன் தெரியுமிடம் வெளிப்பகுதி. தாதி இல்லையென்றால் நொதி நிலைக்காது, செல் வேகமாக அழிகிறது.

பெரிஃபெரின்-2, ராம்1 ஜோடி தட்டு விளிம்பை வளைத்துப் பிடிப்பது. இதில் ஒரு வினோதம் உண்டு. 1994இல் கஜிவாரா, பெர்சன், டிரைஜா மூவரும் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். பெரிஃபெரினில் ஒரு மாற்றம் மட்டும் உள்ளவர்களுக்கு நோய் இல்லை. ராம்1இல் ஒரு மாற்றம் மட்டும் உள்ளவர்களுக்கும் இல்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தபோது நோய் வந்தது. மனித நோயில் இரட்டை மரபணு வழியைத் தெளிவாகக் காட்டிய முதல் உதாரணம் அது. இரண்டு புரதங்களும் ஒரே விளிம்பில் கைகோத்திருக்கின்றன என்பது தெரிந்தால்தான் இந்தப் பரம்பரைக் கணக்கு புரியும்.

படி 7: உங்கள் மாற்றத்தை வரைபடத்தில் வையுங்கள்

புரதம் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மாற்றம் வந்தபின் அது எங்கே போகிறது?

ரோடாப்சினில் இரண்டு மாற்றங்களை எடுத்துக்கொள்வோம். 348 அமினோ அமிலங்களில் 23ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வருவது ஒன்று. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மாற்றம், 1990இல் டிரைஜா குழு வெளியிட்டது. இந்தப் புரதம் சரியாக மடியாமல் எண்டோபிளாச வலையிலேயே சிக்கிச் செல்லைத் திணறடிக்கிறது. இன்னொன்று 344ஆவது இடத்தில், முடிவதற்குச் சற்று முன்பே புரதம் நின்றுவிடுவது. இது ஒழுங்காகத்தான் மடிகிறது. ஆனால் வால் நுனியில் இருக்கும் சில எழுத்துகள்தாம் வெளிப்பகுதிக்குப் போகும் விலாசம். ஆர்ஃப்4 என்ற புரதம் அதைப் படித்துத்தான் கோல்கையிலிருந்து சரியான வண்டியில் ஏற்றிவிடுகிறது. விலாசம் கிழிந்த கடிதம் உட்பகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒரே மரபணு, ஒரே நோய்ப் பெயர். ஒன்று பட்டறையில் சிக்கியது, மற்றது தபாலில் தொலைந்தது.

சிகிச்சைக் கேள்வியும் இங்கே பிரியும். புரதம் இல்லாததுதான் பிரச்சினை என்றால் நல்ல பிரதியைக் கொடுத்தால் போதும். கெட்ட பிரதி உள்ளே இருந்து தொல்லை கொடுத்தால், நல்லதைச் சேர்ப்பது மட்டும் போதாது, கெட்டதை அடக்கவும் வேண்டும். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களும் தாய்மாமன் திருமணமும் வழக்கமாக இருப்பதால், இரு பிரதியும் கெட்டு வரும் முதல் வகை நோய்கள் குடும்பங்களில் கூடுதலாகத் தென்படும். சரியான பிரதி கொடுப்பதற்கும் அளவு ஒரு தடை. ஏஏவி என்னும் வைரஸ் வண்டி சுமக்கக்கூடியது ஏறக்குறைய 4.7 ஆயிரம் எழுத்துகள். ஏபிசிஏ4க்கு மட்டும் 6.8 ஆயிரம் வேண்டும், சிஇபி290க்கு அதைவிட அதிகம்.

அறிக்கையில் முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம் என்று வந்திருந்தால், அது கூட்டாளியைப் பிடிக்கும் பகுதியில் விழுகிறதா என்று பாருங்கள். ஆர்பிஜிஆரின் வளையத்தில், ஆர்பிஜிஆர்ஐபி1 தொடும் பரப்பில் விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. யாரும் தொடாத ஒழுங்கற்ற மடிப்பில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். இதுவே தீர்ப்பு ஆகாது, க்ளின்வார் தளத்தில் மற்றவர்கள் என்ன வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும், குடும்பத்தில் யார் யாருக்கு மாற்றம் இருக்கிறது என்பதையும் சேர்த்து மரபியல் ஆலோசகரோடு பேச வேண்டும்.

வரைபடம் கைவிடும் இடம்

பிஆர்பிஎஃப்31ஐ எடுத்து இந்த ஏழு படிகளையும் செய்து பாருங்கள். இடம்: உட்கரு. கூட்டாளிகள்: பிஆர்பிஎஃப்6, பிஆர்பிஎஃப்8 எனப் பெரிய குழு, ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இயந்திரம் மொத்தமும். எல்லாம் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் அந்த இயந்திரம் உடம்பின் எல்லாச் செல்லிலும் ஓடுகிறது, கெட்டால் கெடுவது விழித்திரை மட்டும். நோயாளிகளின் தோல் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த விழித்திரைத் திசுவில், சிலியம் குட்டையாவதும் நிறமிப் படலம் விழுங்கும் வேலையில் பின்தங்குவதும் தெரிகின்றன. உட்கருவில் வைத்த புள்ளியிலிருந்து கோடு கடைசியில் அந்தச் சந்துக்கும் விழுங்கும் செல்லுக்கும்தான் போகிறது.

இதே மரபணுவில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் ஒரே மாற்றம் இருக்கும். மகனுக்கு இருபது வயதில் இரவில் படி தெரியாது, தாய்க்கு அறுபதிலும் ஊசியில் நூல் கோக்க வரும். அறிக்கை தப்பில்லை. தாயிடம் மிச்சமிருக்கும் நல்ல பிரதி சற்று அதிகமாக ஓடுகிறது, அவர் மகனுக்குக் கொடுத்தது கெட்ட பிரதியை மட்டும். மகனிடம் இருக்கும் நல்ல பிரதி அப்பாவிடமிருந்து வந்தது, அது அவ்வளவு ஓடுவதில்லை.